32 ஜிபி போனும் முகவரிப் பட்டியும்

கேள்வி கொருக்குப்பேட்டையிலிருந்து வந்தது. வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்யும் ஒரு சகோதரி எழுதியிருந்தார்: "என் போனில் 32 ஜிபி மெமரி, 3 ஜிபி ரேம். எதற்கெடுத்தாலும் ஒரு ஆப் போடச் சொல்கிறார்கள். போடப்போனால் இடமில்லை என்கிறது. பிரவுசரைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பினால் பாதியில் பக்கம் அழிந்துபோகிறது. புதுப் போன் வாங்கும் நிலையில் நான் இல்லை. பிரவுசரை வைத்தே காரியங்களைப் பார்த்துக்கொள்ள முடியுமா அண்ணா?"

முடியும் அம்மா. நீங்கள் சொல்லும் வேலைகளுக்கு இந்தப் போனே போதும். பழைய வண்ணாரப்பேட்டையில் பல ஆண்டுகள் பிரவுசிங் சென்டர் நடத்திவிட்டு, இப்போது அதே கடையில் ஜெராக்ஸ் எடுப்பதும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுமாக இருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பிரவுசரைக் கூகுளில் எதையாவது தேடுவதற்கு மட்டுமே வைத்திருக்கிறார்கள். திரையில் தளத்தின் முகவரி தெரியும் வரியான முகவரிப் பட்டியை யாரும் படிப்பதில்லை. அந்த ஒற்றை வரியைப் படிக்கப் பழகிவிட்டால் போனில் இடம் மிச்சமாகும், போலிப் பக்கங்களில் சிக்காமல் இருக்கலாம், தேடியதும் கைக்குக் கிடைக்கும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் குரோம் இருப்பதால் அதை வைத்தே எழுதுகிறேன். மற்ற பிரவுசர்களில் பெயரும் இடமும் சற்று மாறியிருந்தாலும் காரியம் ஒன்றுதான்.

நம் தபால் முகவரியை நினைத்துப் பாருங்கள். ஒருவர் தம் வீட்டுக்கு 'மயிலாப்பூர் இல்லம்' என்று பெயர் வைத்து, கீழே தெருவின் பெயரை எழுதி, கடைசியில் சென்னை 600 081 என்று முடித்திருந்தால், அந்தக் கடிதம் மயிலாப்பூருக்குப் போகாது, தண்டையார்பேட்டைக்குத்தான் வரும். இணைய முகவரியையும் அப்படிப் பின்னாலிருந்துதான் படிக்க வேண்டும். முகவரியின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடுகள் சேர்ந்து வரும்; அவற்றை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கோட்டுக்கு இடப்புறம் ஒட்டி நிற்கும் கடைசி இரண்டு மூன்று சொற்கள்தான் அந்தப் பக்கம் யாருடையது என்பதைச் சொல்பவை. வருமான வரித் துறையின் தளம் 'இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடியும். இதே சொற்களை முதலில் வைத்து, அவற்றுக்குப் பின்னால் இன்னொரு பெயரும் 'டாட் காம்' என்பதும் வந்து, அதன் பிறகுதான் சாய்கோடு வருகிறது என்றால், அந்தப் பக்கம் அந்த இன்னொரு பெயருக்கு உரியவருடையது. வருமான வரித் துறையின் பெயர் அங்கே வாசலில் மாட்டிய பலகை மட்டுமே. குரோம் போனில் முகவரியைச் சுருக்கிக் காட்டுகிறது. பட்டியைத் தொட்டால் முழுவதும் விரியும், விரலால் நகர்த்தி அந்த முதல் சாய்கோடு வரை பார்த்துவிடலாம்.

'ஜிஓவி டாட் இன்' என்ற முடிவு இந்தியாவில் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. வங்கிகளுக்கும் இப்படி ஒரு தனி முடிவு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025இல் உத்தரவிட்டு, எல்லா வங்கிகளும் அந்த ஆண்டு அக்டோபர் 31க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று காலக்கெடு வைத்தது. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டாலே பெருமளவு பாதுகாப்பு. ஆனால் இதை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதும் சரியாகாது. நம் மின்வாரியத்தின் கட்டணத் தளம் 'ஓஆர்ஜி' என்று முடிவது. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டும் இப்படிப்பட்ட தளங்களை ஒரே ஒருமுறை கவனமாகச் சரிபார்த்து புக்மார்க் செய்துவைத்து, அதன் வழியாக மட்டுமே நுழைய வேண்டும். "இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று வரும் குறுஞ்செய்தியில் இருக்கும் இணைப்பைத் தொடவே வேண்டாம். அப்படித் தொட்டுப் பணம் போய்விட்டால், வங்கிக்குச் சொல்வதோடு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ, பணம் கைமாறுவதற்கு முன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.

பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று முன்பு நாங்களே சொல்லிக்கொடுத்தோம். அதை மறந்துவிடுங்கள். உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதே அந்தப் பூட்டின் பொருள். எதிரே இருப்பவர் நல்லவரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. போலித் தளங்களும் பூட்டோடு வரத் தொடங்கிய பிறகு, மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்ற காரணத்தால் 2023இல் கூகுள் குரோமிலிருந்து அந்தப் படத்தையே எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தது. அதைவிட நம்பத்தக்க காவல் பாஸ்வேர்டுகளை பிரவுசரிலேயே சேமித்துவைப்பதுதான். நம் கண் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தையும் 'எல்' என்ற எழுத்தையும் குழப்பிக்கொள்ளும்; பிரவுசர் குழப்பிக்கொள்ளாது. சேமித்த முகவரியும் திறந்திருக்கும் முகவரியும் ஒரு புள்ளி மாறினாலும் அது பாஸ்வேர்டை நீட்டாது. வழக்கமாகத் தானே நிரப்பும் பிரவுசர் ஒரு நாள் சும்மா இருந்தால், கையால் தட்டச்சு செய்துவிடாமல் மேலே நிமிர்ந்து முகவரியைப் பாருங்கள். போனுக்கு ஸ்கிரீன் லாக் போட்டிருந்தால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி உங்கள் இடப் பிரச்சினை. ஒரு சேவைக்கு ஆப்பும் இருந்து தளமும் இருந்தால், அந்தத் தளத்தை பிரவுசரில் திறந்து, ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, 'ஆட் டு ஹோம் ஸ்கிரீன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆப்பைப் போலவே ஒரு படம் முகப்புத் திரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சில தளங்களுக்கு அந்த இடத்தில் 'இன்ஸ்டால்' என்றே வரும்; அவை திறக்கும்போது முகவரிப் பட்டிகூட இல்லாமல் முழு ஆப்பாகவே தோன்றும். ஆப்போடு ஒப்பிட்டால் இவை எடுக்கும் இடம் மிகக் குறைவு. பின்னணியில் ஓடிக்கொண்டும் இருப்பதில்லை. ரேஷன் கார்டு விவரம், பட்டா சிட்டா, வில்லங்கச் சான்று, மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழ், சொத்து வரி, ரயில் முன்பதிவு ஆகிய எல்லாவற்றுக்கும் தளமே போதுமானது. அரசுச் சேவைகளுக்கு என்று பெயர் வைத்துக்கொண்டு யார் யாரோ செய்து போட்டிருக்கும் ஆப்புகளும் உண்டு என்பதால், அரசுத் தளத்தை நேரடியாக வைத்துக்கொள்வது இடத்தை மிச்சப்படுத்துவதோடு பாதுகாப்பும் ஆகிறது.

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் என் உறவினர் ஒருவரின் போனை இதற்கு உதாரணமாகக் காட்டுவேன். அவர் முகப்புத் திரையின் முதல் வரிசையில் மூன்று படங்கள் மட்டுமே இருக்கும். ஒன்று சென்னை வானிலை மையத்தின் பக்கம். இரண்டாவது சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் ரேடாரின் படம். மூன்றாவது ஹைதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் வெளியிடும் அலை உயரமும் மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளும். மூன்றுமே பிரவுசர் பக்கங்கள். ஆப் எதுவும் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஒவ்வொன்றாகத் தொடுவார். பக்கம் திறந்ததும் மேலிருந்து கீழே ஒருமுறை இழுத்து விடுவார். அப்படி இழுத்தால்தான் புதிய படம் வரும்; இல்லாவிட்டால் முந்தைய நாள் இரவில் பார்த்த படத்தையே பிரவுசர் நினைவிலிருந்து எடுத்துக் காட்டிவிடக்கூடும். பிறகு படத்தின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் நேரத்தைப் பார்ப்பார். அதில் 'யூடிசி' (உலகப் பொது நேரம்) என்று இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம். இதைச் சொல்லிக்கொடுக்கும் வரை, மழைமேகம் முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்கு இருந்த இடம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் அதிகாலை இரண்டரை மணிக்கு எடுத்த படமாக இருந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கும் நாளில், அவருடைய போனைச் சுற்றி நான்கு பேர் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்படிச் செய்தும் இடம் போதவில்லை என்றால், 'கிளியர் டேட்டா' என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துடைத்துவிடாதீர்கள். எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும். செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்' என்ற பகுதிக்குள் போனால், எந்தத் தளம் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பட்டியலாகவே வரும். எப்போதோ ஒருமுறை வீடியோ பார்த்த தளம் நூறு எம்பிக்கு மேல் பிடித்துவைத்திருக்கும். அதை மட்டும் தொட்டு நீக்கினால் போதும். டவுன்லோட் பகுதியையும் திறந்து பாருங்கள். ஒரே ஹால் டிக்கெட் நான்கு முறையும் ஒரே மின் ரசீது ஆறு முறையும் இறங்கியிருப்பதை நான் பார்க்காத போன் இல்லை. டேட்டா மிச்சப்படுத்த 'லைட் மோட்' என்று முன்பு ஒன்று இருந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டார்கள், ஆகவே தேட வேண்டாம். அதற்குப் பதிலாக 'பிரைவசி' பகுதியில் 'பிரீலோட் பேஜஸ்' என்று இருப்பதை நிறுத்திவைத்தால், நீங்கள் திறக்காத பக்கங்களை முன்கூட்டியே எடுத்துவைக்கும் செலவு குறையும்.

அடுத்தது அந்த வைரஸ் அறிவிப்பு. போன மாதம் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா அழாத குறையாகப் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். பூட்டிய திரையிலேயே வரிசையாக "உங்கள் போனில் 13 வைரஸ்", "பேட்டரி சேதம்", "உங்கள் வங்கிக் கணக்கு ஆபத்தில்" என்று நின்றன. போனை ரீசெட் செய்ய வேண்டும் என்று வேறொரு இடத்தில் அறுநூறு ரூபாய் கேட்டிருக்கிறார்கள். நான் அறிவிப்புகளில் ஒன்றை உற்றுப் பார்க்கச் சொன்னேன். செய்திக்கு மேலே சிறிய எழுத்தில் குரோம் என்ற பெயரும், அதன் பக்கத்தில் ஒரு தளத்தின் முகவரியும் இருந்தன. அவ்வளவுதான் விஷயம். போனில் வைரஸ் எதுவும் இல்லை. என்றோ ஒரு நாள் ஒரு தொடரைப் பார்க்கப் போன இடத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் என்பதைத் தொடுங்கள்" என்று கேட்டிருக்கிறது, அவர் தொட்டிருக்கிறார். அந்த ஒரு தொடுதலில் அறிவிப்பு அனுப்பும் உரிமையை அந்தத் தளம் வாங்கிக்கொண்டுவிட்டது.

இதைச் சரிசெய்ய, மூன்று புள்ளி, செட்டிங்ஸ், 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போய், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர்களை ஒவ்வொன்றாகத் தடுக்க வேண்டும். அவர் போனில் இருபத்தேழு தளங்கள் இருந்தன. அவரையே தடுக்கச் சொன்னேன். மூன்றாவதுக்குப் பிறகு விரல் தானாகவே ஓடியது. பிறகு அதே பக்கத்தின் மேற்பகுதியில், இனி எந்தத் தளமும் இந்த அனுமதியைக் கேட்கவே கூடாது என்று நிறுத்திவைக்கும் வசதியையும் பயன்படுத்தினோம். நீங்களும் அப்படியே செய்துவிடுங்கள். பிரவுசர் வழியாக வந்தே தீர வேண்டிய அறிவிப்பு என்று உங்களுக்கு எதுவும் இருக்காது. இதோடு சேர்த்து இன்னொன்று: "உங்கள் பிரவுசரைப் புதுப்பிக்க இதை இறக்குங்கள்" என்றோ, "போக்குவரத்து அபராதம் பார்க்க இதைத் திறங்கள்" என்றோ வாட்ஸ்ஆப்பிலும் இணையப் பக்கங்களிலும் வரும் ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப்பை நிறுவும் கோப்பு) எந்தக் காரணம் கொண்டும் நிறுவாதீர்கள். குரோமைப் புதுப்பிப்பது பிளே ஸ்டோரில் மட்டுமே நடக்கும்.

விளம்பரங்களே பெரும் தொல்லை என்றால் ஃபயர்ஃபாக்ஸை நிறுவிப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்க்கும் கூடுதல் கருவி, சேர்க்க வழி இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் உண்டு, அதில் 'யூபிளாக் ஆரிஜின்' என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்த்தால் பக்கங்கள் இலேசாகித் திறக்கும், டேட்டாவும் மிச்சமாகும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை; நம் நாட்டில் ஐபோனில் வரும் எல்லா பிரவுசர்களும் உள்ளுக்குள் சஃபாரியின் இயந்திரத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் என் மனத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விரும்பிப் படிக்கும் சிறிய தமிழ்த் தளங்களுக்கு மட்டும் அந்தத் தடுப்பை நீக்கிவையுங்கள். அவற்றை நடத்துகிறவர்களுக்குச் சர்வர் வாடகை அந்த விளம்பரத்திலிருந்துதான் வருகிறது.

விண்ணப்பம் பாதியில் அழிவதுதான் உங்களை அதிகம் வருத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். இது உங்கள் தவறும் இல்லை, அந்தத் தளத்தின் தவறும் பெரும்பாலும் இல்லை. 3 ஜிபி ரேம் உள்ள போனில் பிரவுசரை விட்டு வேறொரு ஆப்புக்குப் போனவுடன், இடம் போதாமல் ஆண்ட்ராய்டு அந்தப் பக்கத்தை நினைவிலிருந்து இறக்கிவிடுகிறது. திரும்பி வரும்போது பக்கம் முதலிலிருந்து திறக்கும், நிரப்பியது போய்விட்டிருக்கும். கேமராவைத் திறந்தால் இது ஏறக்குறைய நிச்சயம், ஏனென்றால் கேமரா ரேமை நிறைய எடுத்துக்கொள்ளும். ஆகவே விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே புகைப்படம், கையொப்பம், சான்றிதழ் ஆகிய எல்லாவற்றையும் படமெடுத்து, கேட்கும் அளவுக்குச் சுருக்கி ஒரே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள்; பல தேர்வு விண்ணப்பங்களில் புகைப்படம் 50 கேபிக்கு மேல் போனால் ஏற்றுக்கொள்ளாது. மற்ற ஆப்புகளை மூடிவிடுங்கள். பிரவுசரிலும் மற்ற டேப்களை மூடிவிடுங்கள். ஓடிபி வந்தால் மெசேஜ் ஆப்பைத் திறக்காமல், மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து எண்ணைப் படித்துக்கொண்டு அப்படியே மேலே தள்ளிவிடுங்கள். அறிவிப்புத் திரையை இழுப்பது வேறு ஆப்புக்குப் போவது ஆகாது. நீளமாக எழுத வேண்டிய பகுதி எதுவாக இருந்தாலும் முதலில் நோட்ஸில் எழுதிவைத்து ஒட்டுங்கள். இந்த நான்கையும் கடைப்பிடித்தவர்கள் யாரும் என்னிடம் திரும்பவந்து பக்கம் அழிந்துவிட்டது என்று சொன்னதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒரு இணைப்பைத் தொட்டால், அந்த ஆப்பே தனக்குள் ஒரு பிரவுசரைத் திறந்துகொள்ளும். பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் உங்கள் சேமித்த பாஸ்வேர்டும் லாகினும் அங்கே இருக்காது. ஆப் மூடினால் பக்கமும் போய்விடும். விண்ணப்பமோ பணமோ சம்பந்தப்பட்டது என்றால், அங்கிருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு வெளிப் பிரவுசரில் திறக்கும்படி சொல்லிவிட்டுப் பிறகு தொடருங்கள். வேலை முடிந்து ஒப்புகை எண் வந்ததும் ஸ்கிரீன்ஷாட்டோடு நின்றுவிடாமல், ஷேர், பிரின்ட், 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' என்று போய்ப் பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். அதிலிருந்து எண்ணை நகல் எடுக்கலாம். பிரின்ட் எடுத்தாலும் தெளிவாக வரும்.

ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கத்துக்குள் தேடுவது பலருக்கும் தெரியாத வசதி. சென்ற முறை டிஎன்பிஎஸ்சி முடிவு வந்தபோது, வியாசர்பாடித் தம்பி ஒருவர் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து, பதிவெண் பட்டியல் இருக்கும் பிடிஎஃப்பைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே நின்றார். எண்கள் நெருக்கமாக இருந்தன, விரல் வழுக்கிப் பக்கம் தாண்டியது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மேலே இருக்கும் பூதக்கண்ணாடிப் படத்தைத் தொட்டு, பதிவெண்ணின் கடைசி ஐந்து எண்களை மட்டும் போடச் சொன்னேன். ஒரு நொடியில் மஞ்சள் பட்டையோடு அவருடைய எண் நடுத்திரையில் வந்து நின்றது. சாதாரண இணையப் பக்கத்தில் இதே வேலைக்கு மூன்று புள்ளியில் 'ஃபைண்ட் இன் பேஜ்' இருக்கிறது. நாளைக்கு மின்தடை எந்தெந்தப் பகுதிகளில் என்ற நீண்ட பட்டியலில் உங்கள் தெருவைத் தேட இதுவே போதும். தமிழ்ப் பக்கமாக இருந்தால் ஊர்ப் பெயரை ஒருவர் 'தண்டையார்பேட்டை' என்றும் இன்னொருவர் 'தண்டையார்ப்பேட்டை' என்றும் எழுதியிருப்பார். ஆகவே 'தண்டையார்' என்று மட்டும் போடுவது நல்லது.

கூகுளில் தேடும்போது விளம்பரங்களும் இடைத்தரகர்களும் முன்னால் வந்து நிற்பதற்கும் முகவரியே மருந்து. தேட வேண்டிய சொற்களை எழுதி ஓர் இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் எஸ், ஐ, டி, இ என்ற நான்கு எழுத்துகளைச் சேர்த்து எழுதி, உடனே முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை எழுதினால், அந்தத் தளத்துக்குள் இருக்கும் பக்கங்கள் மட்டுமே வரும். முகவரியின் இடத்தில் 'டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்' என்று போட்டால் தமிழ்நாடு அரசின் பக்கங்களுக்குள் மட்டும் தேடும். பிறப்புச் சான்றிதழுக்குக் கட்டணம் வாங்கும் தனியார் பக்கங்கள் எல்லாம் இந்த ஒரு வரியில் விலகிவிடும். சரியான சொற்றொடர் தெரிந்தால் அதை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். பழைய தமிழ் நூல்களின் உரையைத் தேடுகிறவர்கள் மதுரைத் திட்டத்தின் தளத்தையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தையும் இப்படித் தேடினால் பொக்கிஷமே கிடைக்கும்.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. பிரவுசிங் சென்டர் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு தமிழ் இதழின் தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துருவை இறக்கி வைத்திருந்தோம்; ஒன்று இல்லாவிட்டால் பக்கம் முழுக்கப் புரியாத குறிகளாக நிற்கும். யூனிகோட் என்ற பொதுவான எழுத்துக் குறியீடு வந்து அந்தக் கஷ்டம் தீர்ந்தது. இன்று ஆங்கிலப் பக்கத்தையும் பிரவுசரே தமிழாக்கிக் காட்டுகிறது. செட்டிங்ஸில் மொழிகள் பகுதியில் தமிழைச் சேர்த்துவிட்டால் பக்கம் திறக்கும்போதே கேட்கும். படித்துப் புரிந்துகொள்ள இது பெரிய வரம். ஆனால் விண்ணப்பத்தை நிரப்பும்போது மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டு மூலப் பக்கத்துக்கே திரும்பிவிட வேண்டும் என்பதை நான் கண்டிப்பாகவே சொல்வேன். ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் சாதாரணச் சொல்லாக எண்ணி மொழிபெயர்த்துவிடும். தேர்ந்தெடுக்க வேண்டிய பட்டியலில் பொருள் மாறிவிடும். சமயத்தில் 'சப்மிட்' பட்டனே வேலை செய்யாமல் போகும். எழுத்து சிறியதாக இருந்தால் 'அக்சசிபிலிட்டி' பகுதியில் பெரிதாக்கலாம். இரண்டு விரலால் விரிக்க விடாத பக்கங்களையும் விரிக்கவைக்கும் வசதி அங்கேயே இருக்கிறது. கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும் வயதானவர்களுக்கு இதை முதலில் செய்துகொடுங்கள்.

டேப்கள் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முகவரிப் பட்டியின் மேல் விரலை இடவலமாக நகர்த்தினால் அடுத்த டேப்புக்குப் போகலாம். தவறி மூடியது 'ரீசன்ட் டேப்ஸ்' பகுதியில் இருக்கும். இன்காக்னிட்டோ என்பது அடுத்தவர் போனிலோ கடைக் கம்ப்யூட்டரிலோ உங்கள் லாகின் தங்கிவிடாமல் இருக்கப் பயன்படுவது; நெட்வொர்க் நிறுவனத்திடமிருந்தும் நீங்கள் போகும் தளத்திடமிருந்தும் அது எதையும் மறைக்காது. இந்தக் குழப்பம் அமெரிக்காவில் வழக்காகவே போய், 2024இல் சமரசத்தில் கூகுள் ஏராளமான பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டது.

பக்கத்தை இறக்கிவைப்பதன் அருமையை நான் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உணர்ந்தேன். நான்காம் தேதி விடிவதற்குள் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, மாலைக்குள் டவரும் போய்விட்டது. அடுத்த நாள் சிக்னல் ஒரு கோடு வந்தது. அழைப்பு மட்டும் போயிற்று, எந்தப் பக்கமும் திறக்கவில்லை. மாநகராட்சியின் மண்டல அலுவலக எண்கள் இருந்த பக்கத்தை, மழை எச்சரிக்கை வந்த அன்றே என் மகள் மூன்று புள்ளியில் இருக்கும் கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தொட்டு இறக்கிவைத்திருந்தாள். அந்த ஒரு பக்கம் நெட் இல்லாமலே திறந்தது. மாநகராட்சியின் 1913 புகார் எண் கிடைக்காமல் இருந்த நேரத்தில், எங்கள் மண்டலத்தின் எண்ணுக்கு அதைப் பார்த்துத்தான் பேசி, எதிர்வீட்டுப் பெரியவருக்குப் படகு கேட்டோம். ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் அக்டோபரிலேயே அந்தப் பக்கத்தைப் புதிதாக இறக்கிவைத்துவிடுகிறோம். உங்கள் பகுதி தண்டையார்பேட்டை மண்டலத்தில் வருகிறதா, பக்கத்து மண்டலத்திலா என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரு மாறும்.

கடைசியாக, போனிலிருந்து எந்த ஆப்பை நீக்குவது என்று கேட்பீர்கள். யூபிஐ ஆப்பை நீக்காதீர்கள். அது உங்கள் சிம்மோடு போனைப் பிணைத்து இயங்குவது, பிரவுசர் அதற்கு ஈடாகாது. வாட்ஸ்ஆப்பும் இருக்கட்டும். ஷாப்பிங், ரயில், மின் கட்டணம், செய்தி, சமையல் குறிப்பு ஆகியவற்றின் ஆப்புகளை ஒவ்வொன்றாக நீக்கலாம். ஆனால் ஒரு முறையோடு செய்யுங்கள். முதலில் அந்தத் தளத்தை பிரவுசரில் திறந்து, முகவரியைப் பின்னாலிருந்து படித்துச் சரிபார்த்து, லாகின் செய்து பாருங்கள். பழைய ஆர்டரோ டிக்கெட்டோ ரசீதோ அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் முகப்புத் திரையில் சேர்த்து ஒரு வாரம் அதிலேயே புழங்குங்கள். எட்டாம் நாள் அந்த ஆப்பை எடுத்துவிடலாம்.